இதயத் தசையில் விடுபட்ட 25 எழுத்துகள்

உப்பல் சாலையில் ஹப்சிகுடா வழியாகச் செல்லும் நம் அன்பர்கள் பலரும் சி.சி.எம்.பி. எனப்படும் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைப் பார்த்திருப்பார்கள். நம் குடும்பங்களைத் தொடும் ஓர் ஆய்வில் அதற்கும் பங்கு உண்டு.

அங்குள்ள கே. தங்கராஜ், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி முதலானோர் 2009-இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் அதை வெளியிட்டனர். நமது 11-ஆம் குரோமோசோமில் எம்.ஒய்.பி.பி.சி.3 என்றொரு மரபணு உள்ளது. இதயத் தசை சுருங்கி விரியத் துணைபுரியும் புரதத்தின் செய்முறை அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சிலருக்கு அதில் 25 எழுத்துகள் விடுபட்டுள்ளன. இந்தியத் துணைக்கண்டத்தில் ஏறத்தாழ 25 பேரில் ஒருவருக்கு இக்குறை உண்டு. ஐரோப்பியரிடம் அநேகமாக இல்லை.

கெடுதல் செய்யும் ஒன்று இவ்வளவு பேரிடம் எப்படி நிலைத்தது? இளமையில் இது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. நடுவயதுக்குப் பிறகே தசை பலவீனமடைகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்து, குறையும் அவர்களுக்குப் போய்விடுகிறது! தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் நோய் கடுமையாகலாம். அத்தை மகள், மாமன் மகன் என்று சொந்தத்திலேயே மணம் முடிக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக யாரும் அஞ்ச வேண்டியதில்லை. 2009-இல் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேல் எனக் கணக்கிட்டார்கள். 2018, 2020 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளோ, இக்குறையுடன் அதே மரபணுவில் வேறொரு மாற்றமும் சேர்ந்திருப்பவர்களிடமே தசை தடிப்பு நோய் மிகுதி என்று காட்டின. குறை உள்ள பலர் நலமாகவே வாழ்கிறார்கள்.

இது ரத்தக்குழாய் அடைத்து வரும் மாரடைப்பு அன்று, தசையின் நோய். நம்மவர் இரண்டையும் ஒன்றாக 'ஹார்ட் அட்டாக்' என்றே சொல்லிவிடுகிறோம். தசை தடித்திருக்கிறதா என்பதை எக்கோ பரிசோதனை காட்டிவிடும்.

குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்று மருத்துவர் கேட்டால், ஊரைவிட்டு வந்த நமக்குப் பதில் தெரிவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பெரியவர்களிடம் கேட்டு எழுதி வாருங்கள்: தாத்தா, பெரியப்பா, மாமா எந்த வயதில் காலமானார்கள்? திடீரென மயங்கி விழுந்தா, மூச்சுத்திணறி, கால் வீங்கியா?