‘லாம்’ என்று முடியும் இடங்கள்

தமிழில் குற்றவியல் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. குற்றவியல் நடுவர், குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்னும்போது அது நீதிமன்றத்துச் சொல். சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ உள்ள குற்றவியல் துறை என்னும்போது, சமூகவியலும் உளவியலும் புள்ளியியலும் கலந்த ஓர் ஆய்வுத்துறையைக் குறிக்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால், சட்டத்தோடு குற்றவியலையும் எடுத்துப் படிப்பவர்கள் இரண்டையும் ஒரே பாடத்தின் முன்பாதி, பின்பாதி என்று எண்ணிவிடுகிறார்கள். அப்படியே படித்து, தேர்வும் எழுதி, ஒன்று மற்றொன்றோடு ஒட்டாமலே வெளியே வருகிறார்கள். சட்டம் கேட்பது, இந்த ஆள் இந்தச் செயலைச் செய்தாரா, அது எந்தப் பிரிவில் வருகிறது, ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டதா என்பதை. குற்றவியல் கேட்பது, இந்தச் செயலைக் குற்றம் என்று யார், எப்போது வகுத்தார்கள், செய்தவர்களில் யார் பிடிபடுகிறார்கள், தண்டனைக்குப் பிறகு அவருக்கு என்ன ஆகிறது, பாதிக்கப்பட்டவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை. இரண்டையும் சேர்த்துப் படித்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: இந்த இருவகைக் கேள்விகளும் எல்லா இடத்திலும் சந்திப்பதில்லை. சட்டம் நீதிபதியின் தேர்வுக்கு எதை விட்டுவைக்கிறதோ அங்கேதான் சந்திக்கின்றன. அந்த இடங்களைத் தேடிப் பிடித்துப் படிப்பவருக்கே இந்தக் கூட்டுப் படிப்பு கைகொடுக்கும்.

தேட எளிய வழி ஒன்று உண்டு. சட்டத்தின் தமிழ் வாசகத்தில் ‘லாம்’ என்று முடியும் வினைகளை அடிக்கோடிடுங்கள். ஆங்கில மூலத்தைப் படிப்பவர்கள் ‘மே’ என்ற சொல்லைத் தேடலாம். ‘வேண்டும்’ என்று முடிகிற இடத்தில் சட்டம் தன் பேச்சை முடித்துவிட்டது. ‘லாம்’ என்று முடிகிற இடத்தில் நீதிபதிக்கு ஒரு காரணம் தேவைப்படுகிறது. அதை யாராவது எடுத்துக்கொடுத்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவைப் பாருங்கள். திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அந்த ‘வரை’யும் ஒரு ‘லாம்’தான். அதே பிரிவு, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடி முதல் முறை தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தால் சமூக சேவையே தண்டனை என்கிறது. என்ன சேவை, எத்தனை நாள் என்று அங்கே இல்லை. நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 23ஆம் பிரிவைப் புரட்டினால், சமூகத்துக்குப் பயன்படுகிற, கூலி இல்லாத வேலை என்ற விளக்கம் கிடைக்கும். சட்டப் பாடம் அங்கே நின்றுவிடுகிறது. எந்த வேலை அந்த ஆளைத் திருட்டிலிருந்து விலக்கும், எது ஊர் பார்க்க அவமானப்படுத்தி மறுபடி அதே சேர்க்கையில் கொண்டுபோய் விடும் என்பது குற்றவியல் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம். அந்த ஆராய்ச்சியை அப்போது படித்தால் மனத்தில் தங்கும். பிரிவை அறியாமல் தேர்வுக்காகக் கோட்பாடுகளை வரிசையாக மனப்பாடம் செய்தால் தங்காது.

1958ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் இன்னும் நல்ல பயிற்சிக்களம். (சென்னை மாகாணம் இதற்கு முன்பே, 1936இல், தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டம் இயற்றிக்கொண்டது. இளம் குற்றவாளிகளுக்கான பார்ஸ்டல் பள்ளிகள் சட்டம் 1925இலேயே வந்துவிட்டது. இந்தப் பழைய வரலாற்றைச் சட்டக் கல்லூரிகள் போதுமான அளவு சொல்லித்தருவதில்லை என்பது என் வருத்தம்.) 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பிணையில் விடலாம். 6ஆம் பிரிவோ, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் நீங்கலாக, 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்புவதையே விதிவிலக்காக்குகிறது. அனுப்புவதானால் காரணம் எழுத வேண்டும். அதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த அறிக்கை குடும்பம், படிப்பு, தொழில், சேர்க்கை என்று பேசும். அதை வரிக்கு வரி சோதிக்கத் தெரிந்த வழக்கறிஞர் இல்லையென்றால், கட்டில் சேர்ந்த இன்னொரு தாளாக அது கிடந்துவிடும்.

“நீதிமன்றத்தில் பிரிவும் முன்தீர்ப்பும்தான் எடுபடும், குற்றத்தின் காரணங்கள் வகுப்பறையோடு சரி” என்று சொல்பவர்கள் உண்டு. அனுபவமுள்ளவர்களே சொல்வதால் மாணவர்களும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் நீதிமன்றமே இந்தக் கருத்தைக் கடந்து வந்துவிட்டது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை அரிதினும் அரிதான வழக்குகளுக்கு ஒதுக்கியது. குற்றவாளி திருந்த வாய்ப்பில்லை என்பதை அரசு சான்றோடு காட்ட வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகும் தண்டனை பற்றிய விசாரணை பல வழக்குகளில் வயது குறைவு, குடும்பம் இருக்கிறது, முதல் குற்றம் என்ற மூன்று வாக்கியங்களில் முடிந்துபோனது. 2022 மே மாதம், மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு என்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் இதைத் திருத்த முனைந்தது. மரண தண்டனைக்குரிய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவரின் உளவியல் மதிப்பீடு, குடும்பப் பின்னணி, கல்வி, பொருளாதார நிலை, சிறையில் அவர் நடந்துகொண்ட விதம், அங்கே செய்த வேலை ஆகிய விவரங்கள் நீதிமன்றத்தின் முன் வர வேண்டும் என்றது. இந்தப் பட்டியலைக் குற்றவியல் பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு தெரியாது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு மரண தண்டனைக் கைதிகள் 373 பேரிடம் பேசி 2016இல் வெளியிட்ட அறிக்கை, அவர்களில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று காட்டியது. எந்தப் பிரிவைப் படித்தாலும் இந்த எண் கிடைக்காது. இது தெரியாமல் அந்தப் பிரிவை நியாயமாகக் கையாளவும் முடியாது. சிறார் நீதியிலும் இதே நிலைதான். 16 வயதைக் கடந்த சிறுவன் கொடிய குற்றம் செய்தான் என்றால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிப்பதா என்று முடிவெடுக்கும் முன் அவனுடைய மனத்திறனை மதிப்பிடச் சொல்கிறது 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு. இளைஞர் நீதிக் குழுமத்தில் குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ படித்தவர் இல்லையென்றால் உளவியலாளரின் உதவியைப் பெற வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சட்ட மாணவர்கள் தீர்ப்பைச் சந்தேகத்தோடு படிக்கப் பழகியவர்கள். புள்ளிவிவரத்தை மட்டும் பயபக்தியோடு எடுத்தாள்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை பதிவான வழக்குகளைத்தான் எண்ணுகிறது. 2020இல் நாட்டின் குற்ற எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 28 விழுக்காடு கூடியது. ஊரடங்கு நடந்த ஆண்டில் திருட்டும் வழிப்பறியும் குறைந்திருந்தன. கூடியதற்குப் பெரிய காரணம், அரசு ஊழியரின் உத்தரவை மீறியதாகப் பதிவான வழக்குகள். 2019இல் 29,469 ஆக இருந்தவை 6,12,179 ஆயின. மக்கள் திடீரென்று கெட்டுப்போகவில்லை, உத்தரவுகள் பெருகின, வழக்குகளும் பெருகின. சிறைக் கணக்கும் அப்படித்தான். 2022இன் இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள் நூற்றுக்கு 76 பேர் இருக்கும் இடத்தைப் பார்த்து, குற்றம் செய்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று முடிவுகட்டினால், உண்மையில் ஜாமீன் கிடைக்காதவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத்தான் எழுதிக்கொண்டிருப்போம். முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைக் காவலில் கழித்துவிட்டால் விடுவிக்க வழிசெய்யும் புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். பிரிவின் அவசரம் புரியும்.

இதுவரை சொன்னது சட்டத்துக்குக் குற்றவியல் எப்படி உதவுகிறது என்பதை. மறுபக்கத்தை நான் இன்னும் முக்கியமாகக் கருதுகிறேன். குற்றவியல் கூட்டங்களைப் பற்றிப் பேசும் துறை. நீதிமன்றம் ஒரே ஓர் ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் இடம். கூட்டத்தைப் பற்றிய உண்மையை ஒருவர் தலையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ் வாசகருக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 1871இல் தொடங்கி, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பையே குற்றத்தின் அடையாளமாக்கியது. கைரேகை எடுத்து, பெயரைப் பதிந்து, இரவில் வந்து தலை எண்ணியது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். பிறவிக் குற்றவாளி என்ற கருத்தைப் பரப்பிய இத்தாலியர் லொம்ப்ரோசோவின் நூல் வெளிவந்தது 1876இல். இந்தச் சட்டம் அதற்கும் 5 ஆண்டு முந்தியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கவில்லை. குற்றம் இரத்தத்தில் ஓடுகிறது என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் ஆய்வாகவும் வந்தது, ஆணையாகவும் வந்தது. சென்னை மாகாணம் 1947இல் அந்தச் சட்டத்தை நீக்கி, 1948இல் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைக் கொண்டுவந்தது. காவல் நிலையத்தின் சரித்திரப் பதிவேடு இன்றும் இருக்கிறது. ஹோவர்ட் பெக்கர் 1963இல் எழுதிய முத்திரை குத்தல் பற்றிய ஆய்வை அந்தப் பதிவேட்டை மனத்தில் வைத்துப் படித்தால், அது சிகாகோவைப் பற்றிய நூலாகத் தெரியாது. குற்றவியல் சொல்வதைக் குறுக்கு விசாரணை செய்யச் சட்டப் படிப்பு கற்றுக்கொடுக்கிறது: இந்த முடிவுக்குச் சான்று எது, இந்த ஆளுக்கு அது பொருந்தும் என்று யார் காட்டினார்கள், மறுத்துப் பேச அவருக்கு வாய்ப்புத் தரப்பட்டதா? இந்தப் பழக்கம் இல்லாத குற்றவியலாளர் ஆபத்தானவர்.

கோட்பாடுகள் மேற்கிலிருந்து வந்தவை என்ற ஆட்சேபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. சாதியைக் கணக்கில் எடுக்காத எந்தக் கோட்பாடும் நம் சிறைகளை விளக்காது. 2024 அக்டோபரில், சுகன்யா சாந்தா வழக்கில், சாதிப்படி வேலையும் இடமும் பிரிக்கும் சிறை விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்று அறிவித்தது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகளைச் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. அதை ஒரு குற்றவியல் நூலாகவே படிக்கலாம்.

“காரணம் தேடுவது குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குவதில் முடியும், செத்தவனுக்கு யார் பதில் சொல்வது?” என்ற கோபம் இவற்றையெல்லாம்விட ஆழமானது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவரைத் தனியாக ஆராயத் தொடங்கியதும் இதே குற்றவியல்தான். நம் குற்ற வழக்கில் அரசு ஒரு பக்கம், குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு பக்கம். அடிபட்டவர் வெறும் சாட்சி. பாதிக்கப்பட்டவர் யார் என்ற வரையறையும், அவருக்கு அரசே இழப்பீடு தரும் திட்டமும் நடைமுறைச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நுழைந்தன. இன்று அந்த இழப்பீட்டுத் திட்டம் புதிய நடைமுறைச் சட்டத்தின் 396ஆம் பிரிவு. குற்றவாளி எவ்வளவு நாள் உள்ளே இருந்தான் என்பது பற்றி மட்டுமே கோபப்படுகிறவர்கள், அந்த வீட்டுக்கு இழப்பீடு வந்து சேர்ந்ததா என்று கேட்பது அரிது. இரண்டையும் கேட்கப் பழக்குகிற படிப்பை வக்காலத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி நடைமுறை. சட்டம் படிக்கும்போதே முறையான இன்னொரு பட்டப்படிப்பில் சேரப் பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. அஞ்சல்வழிப் படிப்புக்கு விலக்கு உண்டு. அதே விதிகள் தரும் விருப்பப் பாடத் தொகுதிகளில் குற்றமும் குற்றவியலும் ஒன்று என்பதால், உங்கள் கல்லூரி அதை நடத்துகிறதா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் முடிந்த பிறகு அந்தத் தாள்களை எடுங்கள். முன்னால் எடுத்தால் கோட்பாடு எதில் போய் ஒட்டும் என்று தெரியாது. குற்றவியலாளர் என்று பலகை மாட்டிப் பிழைக்க நம் ஊரில் வழி குறைவு. அரசு வழக்கறிஞர் பணி, சட்ட உதவி, நன்னடத்தைத் துறை, சிறார் நீதி என்ற பாதைகளில் இந்தப் படிப்பு உள்ளே இருந்து உதவும். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுபவர்களுக்கு என் யோசனை, மரண தண்டனையை விட்டுவிட்டுச் சிறிய வழக்குகளுக்குப் போங்கள் என்பது. இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. தமிழ்நாட்டில் அவற்றில் பல தமிழிலேயே எழுதப்பட்டவை. உங்கள் மாவட்டத்தில் 21 வயதுக்குக் குறைந்தவர்கள் திருட்டுக்குத் தண்டனை பெற்ற 50 தீர்ப்புகளை எடுங்கள். குற்றம் நிரூபணமானது என்ற வரிக்குக் கீழே உள்ளதை மட்டும் படியுங்கள். நன்னடத்தை அலுவலரின் அறிக்கை கேட்கப்பட்டதா, சிறை என்றால் ஏன் என்று எழுதப்பட்டிருக்கிறதா, அந்தக் காரணத்துக்குச் சான்று எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே குறித்துக்கொண்டு வாருங்கள்.