குவாதலூப்பில் தமிழ்ச் சுவடுகள்

நுழையும்முன்

தாய்மொழி கைநழுவிப் போனபின் ஒரு மக்கள் கூட்டத்திடம் எஞ்சுவது எது? நம் கரையிலிருந்து உலகின் மறுபுறம் சென்ற தமிழரின் வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

இரு கரைகள்

காரைக்கால் மாவட்டத்தில் திருமலைராயன்பட்டினத்தை அடுத்துள்ள மீனவர் ஊர் பட்டினச்சேரி. மாசிமகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் இப்பகுதிக் கடற்கரைக்கு எழுந்தருள்வார்; மீனவ மக்கள் அவரைத் தம் வீட்டு மாப்பிள்ளையாகக் கொண்டாடுவர். தெற்கே சிறிது தொலைவில் நாகூர்த் தர்கா உள்ளது.

இக்கரைக்கும் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப்புத் தீவுக்கூட்டத்திற்கும் ஓர் உறவுண்டு. காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954இல் இந்தியாவுடன் இணைந்தது. குவாதலூப்பில் பிரெஞ்சுக்காரர் 1635இல் குடியேறினர். 1946 முதல் அது பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக விளங்குகிறது. வண்ணத்துப்பூச்சி இறகு விரித்தாற்போன்ற இரு பெருந்தீவுகளும், மரி கலாந்து, தெசிராது முதலிய சிறு தீவுகளும் அதில் அடங்கும். இறகு ஒன்றில் லா சூஃப்ரியேர் எரிமலை உயர்ந்து நிற்கிறது; மற்றொன்றில் கரும்பு வயல்கள் பரந்து கிடக்கின்றன. நம்மவர் அங்குச் சென்றது அக்கரும்பின் பொருட்டே.

ஒப்பந்தப் பயணம்

1848இல் பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகத் தமிழ் உழவரும் கூலித் தொழிலாளரும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கப்பலேற்றப்பட்டனர். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் செல்லும் அப்பயணம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்தது. 1854 திசம்பரில் ‘ஒரேலி’ என்னும் கப்பல் முதல் குழுவினரைக் குவாதலூப்பில் இறக்கியது. 1889 வரை இந்தியாவிலிருந்து 42,000 பேருக்கு மேல் அங்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். கடும் உழைப்பாலும் நோயாலும் மாண்டோர் பலர். தாயகம் திரும்பியோர் சிலரே. ‘கூலி’ என்னும் சொல் அங்கே இகழ்ச்சிப் பெயராக மாறியது.

எஞ்சியவை

இன்று அத்தீவுகளுக்குச் செல்லும் தமிழர், தம்மையொத்த முகங்களைக் கண்டு தமிழில் பேசினால் மறுமொழி கிடைப்பது அரிது. அம்மக்களின் பேச்சுமொழி பிரெஞ்சும் கிரியோலுமே. ஆயினும் பெயர்ப்பலகைகளில் சிதம்பரமும் முத்துசாமியும் ஒலி திரிந்து குடும்பப் பெயர்களாக நிற்கக் காணலாம். உணவகத்தில் பரிமாறப்படும் ‘கொலொம்போ’ மசாலாக் கறியின் பெயர் ‘குழம்பு’ என்பதன் திரிபு என்று கருதுவோர் உண்டு. மாரியம்மன் ‘மாலியேமன்’ ஆனாள். பொருள் அறியாமலே மனப்பாடமாகக் காத்த தமிழ்ப் பாடல்கள் வழிபாட்டில் ஒலிக்கின்றன.

கடலில் தம்மைக் காத்தவராக அவர்கள் போற்றும் ‘நாகூர்மிரா’, நம் நாகூர் ஆண்டவரே. இந்துக்களாகிய அவர்கள் கொடிமரம் நட்டு அவரை வணங்குவதில் வியப்பொன்றுமில்லை. சமய வேறுபாடின்றி நாகூரை நாடுவது இக்கரையினரின் பழைய வழக்கம்; அவ்வழக்கமும் அவர்களுடன் கப்பலேறிச் சென்றது.

உரிமைக்குரல்

நினைவு மட்டும் வாழ்வாகிவிடாது. அத்தீவிலேயே பிறந்த இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் அயலாராகவே கருதப்பட்டனர். கபெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம், அவர்களின் குடியுரிமைக்காகவும் வாக்குரிமைக்காகவும் 1904 முதல் சட்டவழியில் போராடினார். பத்தொன்பது ஆண்டுகளுக்குப்பின், 1923இல் அவ்வுரிமை ஏற்கப்பட்டது. பின்னாளில் அச்சமூகத்தைச் சேர்ந்த எர்னெஸ்த் முத்துசாமி, பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராக 1981 முதல் 2002 வரை பணியாற்றினார். அவர் எழுத்தாளரும் ஆவார்.

நாம் கற்பது

ஊர்ப்பெயரையும் உறவையும் இழந்தோர் உணவையும் வழிபாட்டையும் காத்தனர். பிறந்த மண்ணில் உரிமையையும் வென்றனர். ஆனால், கற்பிப்பாரும் எழுதிப் படிப்பாரும் இன்றித் தமிழ் அவர்களின் வீட்டுமொழியாக நிலைக்கவில்லை. மொழி தானே வாழ்வதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அடுத்த தலைமுறைக்குக் கையளித்தால்தான் அது வாழும். அக்கையளிப்பு இன்று நம் வகுப்பறைகளில் நிகழ்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலிருந்து கடல் கடந்து சென்றவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

2. ‘மொழியை இழந்தாலும் பண்பாடு வாழும்’ – இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.