கையும் காரும்

கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதியில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தாத்தாவுடன் வாழ்ந்துவந்தான். தாத்தா, தங்கச் சுரங்கத்தில் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் கூண்டின் எந்திரத்தை இயக்கியவர். 2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்படும்வரை அப்பணியில் இருந்தார். பேரனுக்கோ கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டுவதில் பேரார்வம். டயரின் காற்றழுத்தம், முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையே பிரேக் விசையின் பங்கீடு, பின்இறக்கையின் சாய்வு என மெய்யான பந்தயக் காரில் மாற்றக்கூடியவற்றை அவ்விளையாட்டிலும் மாற்றலாம். இவ்வாறு சீர்செய்வதே காரின் 'அமைப்பு' எனப்படும்.

மறுநாள் நண்பனுடன் போட்டி. நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் இருந்த வளைவில் அவனது கார் மீண்டும் மீண்டும் சுழன்று தடத்தை விட்டு விலகியது. அவன் சினந்து, ஐந்து அமைப்புகளை ஒருசேர மாற்றினான். கார் முன்னிலும் மோசமாக ஓடியது.

"ஐந்தில் எது கெடுத்தது?" என்று தாத்தா கேட்டார். பேரனிடம் விடை இல்லை.

"கூண்டு அதிர்ந்து நின்றால் நாங்கள் முதலில் எந்திரத்தைப் பழிக்கமாட்டோம், தம்பி. எந்த இடத்தில் பிரேக் பிடித்தோம் என்று எண்ணிப்பார்ப்போம். கயிற்றில் தொங்குவது மனித உயிர் அல்லவா?" என்றார்.

பேரன் எல்லாவற்றையும் பழைய நிலைக்கே மாற்றினான். பத்துச் சுற்றுகள் ஓட்டி, ஒவ்வொன்றின் நேரத்தையும் பிரேக் பிடித்த இடத்தையும் குறித்தான். ஒவ்வொரு சுற்றிலும் இடம் மாறியிருந்தது. மேலும், வளைவுக்குள் திரும்பும்போதே அவன் பிரேக்கை முழுவதும் அழுத்தியிருந்தான்.

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்சக்கரங்களின்மேல் கூடுகிறது; பின்சக்கரங்களின்மேல் குறைகிறது. பாரம் குறைந்த டயருக்குத் தரைப்பிடிப்பும் குறையும். அந்நேரத்தில் திருப்பினால் பின்பகுதி வழுக்கிக் கார் சுழலும். இதை உணர்ந்த பேரன், நேர்ப்பாதையிலேயே பிரேக் பிடித்து, திருப்பத் திருப்பக் காலைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினான். சுழற்சி நின்றது.

அதன் பின்னரே பிரேக் விசையைச் சற்று முன்பக்கம் கூட்டினான். கார் உறுதியாக நின்றது. மேலும் கூட்டியபோது முன்சக்கரங்கள் உருளாமல் இறுகின. கார் திரும்பாமல் நேரே சென்றது. உடனே ஒருபடி குறைத்தான்.

மெய்யான பந்தயங்களும் இதையே உணர்த்துகின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அனைவருக்கும் ஒரே வகைக் கார் என்பதால் ஓட்டுநரின் திறமை வெளிப்பட்டது. 1993இல் அவ்வகைக் காரை ஓட்டிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

அவ்வாண்டு ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், தங்கள் டயர்கள் ஒரு வேகமான வளைவைத் தாங்கமாட்டா என்பதால் 14 கார்கள் விலகின. எஞ்சிய ஆறில் நரேன் நான்காம் இடம் பெற்றார். விலகியவர்கள் திறமையற்றவர் அல்லர். ஆயினும், டயரின் எல்லையைக் கைத்திறனால் கடக்க இயலாது. விளையாட்டில் டயர் வெடித்தால் மீண்டும் தொடங்கலாம். மெய்யான தடத்தில் உயிரே போகலாம்.

மறுநாள் போட்டியில் பேரன் சிறு இடைவெளியில் தோற்றான். ஆனால் ஒருமுறையும் சுழலவில்லை. மாலையில் குறிப்பேட்டைத் திறந்தான்.

"இன்று எத்தனை மாற்றம்?" என்று தாத்தா கேட்டார்.

"ஒன்றே ஒன்றுதான், தாத்தா" என்றான் பேரன்.

சொற்பொருள்
தடம் – பந்தயப் பாதை
பங்கீடு – பிரித்துக் கொடுத்தல்
தரைப்பிடிப்பு – டயர் தரையைப் பற்றும் தன்மை

விடை எழுதுக
1. ஐந்து அமைப்புகளை ஒருசேர மாற்றியதால் பேரன் எதை அறிய இயலாமல் போனது?
2. பிரேக் பிடித்தபடியே திரும்பினால் கார் சுழல்வது ஏன்?
3. உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவரது தொழிலில் கைப்பழக்கத்தால் கற்றதைக் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.