உரைவழி உரையாடல்

நுழையும்முன்

ஒரு கருத்துக்கு மறுமொழியும் அம்மறுமொழிக்கு மற்றொரு மறுமொழியும் எனத் தொடர்வது உரையாடல். நேரில் நிகழும் உரையாடல் சிறிது நேரத்தில் முடிந்துவிடும். ஏட்டில் நிகழ்வது நூற்றாண்டுகளைக் கடக்கும். அத்தகைய ஒன்றைத் திருக்குறள் உரைகளின்வழி அறிவோம்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டத்தில் 1330 குறட்பாக்களும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. வள்ளுவர் வாழ்ந்த ஊராக மரபு போற்றும் மயிலாப்பூரில் அவருக்குக் கோயிலும் உண்டு. கல்லில் உள்ள குறள் மாறுவதில்லை. ஆயினும் அதன் பொருள் பற்றிய பேச்சு இன்றும் ஓயவில்லை.

உரையாடலின் முறை

திருக்குறளின் பழைய உரையாசிரியர்கள் பதின்மர் என்பது மரபு. அவர்களுள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காளிங்கர், பரிமேலழகர் ஆகியோரின் உரைகள் கிடைத்துள்ளன. தமிழ் உரைமரபில், 'அஃதேல்' என்னும் சொல் கற்போர்க்கு எழக்கூடிய ஐயத்தை முன்வைக்கும். 'அற்றன்று' என்பது மறுப்பைத் தொடங்கும். 'என்பாரும் உளர்' என்பது மாற்றுக் கருத்தைப் பதிவு செய்யும். எக்கருத்துக்கு எது விடை என்பதை இச்சொற்கள் காட்டிவிடுகின்றன. பிறர் கருத்தை எடுத்துரைத்த பின்னரே மறுப்பதால், மறுக்கப்பட்டவரின் நூல் மறைந்தாலும் அவர் கருத்து மறைவதில்லை.

ஒரு சொல்லும் பல விடைகளும்

ஏழாம் அதிகாரத்திற்கு மணக்குடவர் கொண்ட பெயர் 'மக்கட்பேறு'. அவருக்குப் பின்வந்த பரிமேலழகரோ அதனைப் 'புதல்வரைப் பெறுதல்' என்றார். அவ்வதிகாரத்தின் முதற்குறள், அறியவேண்டியவற்றை அறியும் மக்களைப் பெறுவதே சிறந்த பேறு என்கிறது. அறிவோடு சேர்த்துச் சொல்லப்பட்டமையால், இங்கு 'மக்கள்' என்னும் சொல் பெண்களைக் குறிக்காது என்பது பரிமேலழகர் கருத்து.

இக்கருத்து பின்வந்தோரால் ஏற்கப்படாது மறுக்கப்பட்டது. 'மக்கள்' என்பது இருபாலார்க்கும் பொதுச்சொல். சங்கப் பாடல்களை இயற்றிய ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பெண்பாற் புலவர்களே. இருபதாம் நூற்றாண்டில் தெளிவுரை எழுதிய மு. வரதராசனார் 'நன்மக்கள்' என்றே பொருள் கொண்டார். இன்று பல பதிப்புகளில் 'மக்கட்பேறு' என்னும் தலைப்பே காணப்படுகிறது.

எனினும், பரிமேலழகரின் உரையை எவரும் அழித்துவிடவில்லை. அவர் சொல் நிலைத்திருப்பதால்தான் அதற்குரிய விடையும் விளங்குகிறது. பதினோராம் வகுப்பில் இக்குறளைப் படிக்கும் மாணவி ஒருத்தி, அவருக்குத் தானே விடை எழுதலாம். அவர் சொன்னதைத் திரிக்காமல் எடுத்துரைத்து, தக்க சான்றுடன் மறுத்தால், அவளும் இந்நீண்ட உரையாடலில் ஓர் உரையாசிரியர் ஆகிறாள்.

கற்பவை கற்றபின்

1. ஏதேனும் ஒரு குறளுக்கு இருவர் எழுதிய உரைகளை ஒப்பிட்டு, அவை வேறுபடும் இடத்தைக் குறிப்பிடுக.

2. நண்பரின் கருத்து ஒன்றை, அவர் ஒப்புக்கொள்ளும் வகையில் எழுதிக்காட்டி, அதன்பின் உம் மறுப்பை எழுதுக.