பாலத்தை அவனே கட்டட்டும்

சின்னவனுக்கு ப்ளாக்ஸ் வாங்கலாமான்னு கேட்டியேடி, தாராளமா வாங்கு. ஆனா பாக்ஸ் மேல இருக்கற படத்தைப் பார்த்து நீயே வீடு கட்டிக் கொடுத்துடாதே. அவன் கத்துக்க வேண்டியது அத்தனையும் கட்டறதுலதான் இருக்கு.

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ ஸ்டேஷன் உங்க வீட்டுப் பக்கம்தானே? சாயங்காலம் கூட்டிட்டுப் போய், மேல ரயில் போறதையும் அதைத் தாங்கற தூணையும் காட்டு. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு கட்டையை நிக்கவெச்சு, மேல ஒண்ணைக் குறுக்கே வைக்கச் சொல்லு. மூணு வயசுக்கு இது பெரிய வேலை. தூண் ரெண்டும் ரொம்பத் தள்ளி நின்னா மேல் கட்டை நடுவுல விழுந்துடும். ஒண்ணு உசரம், ஒண்ணு குட்டைன்னா சறுக்கிடும். கொஞ்சம் கிட்டக்க நகர்த்துவான், திரும்ப வெச்சுப் பார்ப்பான். தூரம், உசரம், சமம் எல்லாம் விரல் வழியாத்தான் மண்டையில ஏறும். அந்த நேரத்துல "இப்படி வைடா"ன்னு கை நீட்டாதே. இடிஞ்சு விழுந்தா கொஞ்சம் அழுவான், அழட்டும். அப்புறம் அவனே எடுத்து அடுக்குவான்.

மரியா மான்டிசோரி 1939-ல நம்ம அடையார் தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. அவங்க கல்வி முறையில 'பிங்க் டவர்'னு ஒண்ணு உண்டு. 10 மரக்கட்டை, எல்லாம் ஒரே கலர். பெருசு பக்கத்துக்கு 10 செ.மீ., சின்னது 1 செ.மீ. கலர் மாறாததால கண்ணு நேரா அளவுக்குப் போகும். வரிசை தப்பினா குழந்தைக்கே தெரியும், பெரியவங்க திருத்த வேண்டியதில்ல. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது.

அவன் கட்டறப்போ பக்கத்துல உட்கார்ந்து பேச்சு மட்டும் கொடு. "எதுக்கு மேல வெச்சே? கீழே இருக்கறதை எடுத்தா என்ன ஆகும்?" மேல, கீழே, நடுவுல, பின்னாடி எல்லாம் தானா வாயில வரும்.

கடையில ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கு, 2021 ஜனவரியிலேர்ந்து பொம்மைக்கு அது கட்டாயம். மூணு வயசு முடியற வரைக்கும் வாய்க்குள்ள போற சைஸ்ல எதுவும் வேண்டவே வேண்டாம். காசு செலவழிக்கணும்னும் இல்ல, காலி செருப்பு டப்பாவும் பிஸ்கட் டப்பாவும் நல்லாவே அடுக்க வரும். மொத்தத்தையும் தரையில கொட்டாதே, பத்துப் பதினஞ்சு கொடு. பாதி கட்டினதை ராத்திரி பெருக்கித் தள்ளாதே, காலையில எழுந்து தொடர்வான்.

இந்த நவராத்திரிக்குக் கொலுப் படிக்குக் கீழே பார்க் அமைக்கற வேலையை அவன்கிட்டயே விட்டுடு. விருந்தாளி வராங்கன்னு அவன் கட்டின பாலத்தை மட்டும் நேர் பண்ணிடாதேடி.