அப்பா அம்மாவுடன் ஐரோப்பா: சொந்தமாகத் திட்டமிட...

* பாரிஸ், சூரிச், வெனிஸ், ரோம் என்று ஒரே திசையில் போங்கள். பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் வந்த வழியே அலைய வேண்டாம். ஓர் ஊருக்குக் குறைந்தது மூன்று இரவுகள் தங்குங்கள்.

* ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் தங்கும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கும் அது பொருந்துமா என்று பாருங்கள்.

* அங்கே 'முதல் மாடி' என்றாலே ஒரு மாடி ஏற வேண்டும். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முன்பதிவுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

* பாரிஸ் மெட்ரோவில் படிகள் அதிகம். முழங்கால் வலிக்காரர்களுக்குப் பேருந்தே மேல். வெனிஸில் பாலங்களே படிக்கட்டுகள்தான். சாந்தா லூசியா ரயில் நிலையம் அருகிலோ, படகுத்துறையை ஒட்டியோ தங்குங்கள்.

* விமான நிலையத்தில் சக்கர நாற்காலி இலவசம். 48 மணி நேரம் முன்பே விமான நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள்.

* மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டும் உடனிருக்கட்டும்.

* பல இடங்களில் கழிப்பறைக்குக் கட்டணம் உண்டு. பெற்றோர் இருவரிடமும் யூரோ சில்லறை இருக்கட்டும்.

* காலையில் ஓர் இடம், மதியம் ஓய்வு, மாலையில் ஓர் உலா. ஒரு நாளுக்கு அது போதும்.