மிளாவுக்கு எந்தத் துப்பாக்கி? துளை அளவைப் பற்றிச் சில விவரங்கள்

மேக்கரை, வடகரை, புளியரை, கடையம் என்று மலையடிவாரத்தில் பயிர் செய்யும் விவசாயிகளுக்குக் கதிர் பிடிக்கும் காலத்தில் இரவுத் தூக்கம் கிடையாது. நிலக்கடலையில் காட்டுப்பன்றி, உளுந்தில் புள்ளிமான், இளந்தென்னையில் யானை, போதாததற்கு மிளா. "வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது, மிளாவுக்கு அது போதுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதுமா என்பது ஒரு கேள்வி. சுடலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியை முதலில் பார்ப்போம்.

துப்பாக்கிக் குழலின் உள்விட்டமே துளை அளவு. முறுக்கு வரி வெட்டிய ரைபிளுக்கு இதை அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ சொல்வார்கள். 0.315 என்றால் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். வரியில்லாத வழுவழுப்பான குழலுக்குக் கணக்கு வேறு. குழலுக்குள் சரியாக நுழையும் ஈயக் குண்டுகள் 12 சேர்ந்து ஒரு பவுண்டு எடை நின்றால் அது 12 போர். ஆகவே 16 போர் என்பது 12 போரை விடச் சிறிய துளை. இதில் பலரும் தடுமாறுகிறார்கள்.

துளை மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. குண்டின் எடை, வேகம், உடலுக்குள் புகுந்ததும் அது விரிகிறதா என்பது ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எடை இரட்டித்தால் விசை இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே இருதயமும் நுரையீரலும் உள்ளன. போதிய விசையுள்ள குண்டு அங்கே புகுந்தால் இரத்த ஓட்டம் நின்று விலங்கு விரைவில் நினைவிழந்து விழும். விசை குறைந்தால் தோலும் தசையும் கிழியும், எலும்பு முறியும். உயிர் மட்டும் போகாது.

மான் வேட்டையை அனுமதிக்கும் நாடுகள் இதனால்தான் சட்டத்திலேயே அளவு வகுத்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி, பெரும்பாலான மான்களுக்கு 0.240 அங்குலத்துக்குக் குறைந்த ரைபிள் கூடாது. குண்டின் விசை 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் கணக்கு நமக்கு இன்னும் பொருத்தமானது. நம் மிளாவையே 1860களில் அங்கே கொண்டுபோய் விட்டார்கள்; அது காடெங்கும் பெருகிவிட்டது. அங்கே புள்ளிமானுக்கு 0.243 அங்குலத் துளையும் 5 கிராமுக்குச் சற்று மேற்பட்ட குண்டும் குறைந்தபட்சம். மிளாவுக்கு 0.270 அங்குலமும் 8.4 கிராம் குண்டும் வேண்டும். வளர்ந்த கிடா மிளா 200 கிலோவையும் தாண்டும். அந்த உடம்புக்கு அந்த அளவு.

நம்மிடம் இருப்பவற்றை இதோடு ஒப்பிடுங்கள். 0.22 ரைபிளின் குண்டு 2.6 கிராம்தான், விசை இங்கிலாந்து கேட்பதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. குறி தவறினாலோ அது ஒரு மைலுக்கு மேலும் போய் ஆளைக் காயப்படுத்தும். 12 போரில் ரவைத் தோட்டா போட்டால் முப்பது மீட்டருக்கு அப்பால் ரவைகள் சிதறி, விலங்கின் உடம்பில் இரண்டு மூன்று தைப்பதோடு சரி. மருந்து கிட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியில் இரும்புத் துண்டும் பால்ரஸும் போடுகிறார்கள். அது எங்கே போய்த் தைக்கும் என்று சுடுபவருக்கே தெரியாது. முதல் குண்டு சரியாகப் படாவிட்டால், துன்பத்தை முடிக்க இரண்டாவது குண்டு உடனே வேண்டும். நாட்டுத் துப்பாக்கியில் மறுபடி மருந்து கொட்டிக் கிட்டிப்பதற்குள் மிளா மலையேறிவிடும். அப்புறம் புண் அழுகி, புழு வைத்து, நாட்கணக்கில் சாகும். அடிபட்ட பன்றியானால் மறுநாள் புல்லறுக்கப் போகும் பெண்ணின் மேல் பாயும்.

அவுட்டுக்காய் இதைவிடக் கொடியது. 2020 மே மாதம் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வாய் சிதைந்த கர்ப்பிணி யானை ஆற்று நீரில் நின்றபடியே இறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பயிர்க் காவலுக்கென்று மருந்து கிட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் கொடுக்கிறது. அது துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம். வேட்டைக்கான உரிமம் ஆகாது. மிளா, புள்ளிமான், கேளையாடு மூன்றுமே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. மீறினால் மூன்று ஆண்டு வரையிலும், முதல் பட்டியலில் உள்ள விலங்கானால் ஏழு ஆண்டு வரையிலும் சிறை. குற்றாலம், கடையநல்லூர்ப் பக்கத்து மலைக்காடுகள் 2015 முதல் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்துவிட்டன என்பதையும் நினைவில் வையுங்கள்.

"ஆரியங்காவு தாண்டினால் சுடுகிறார்களே" என்பார்கள். கேரள அரசு 2022இல் காட்டுப்பன்றிக்கு மட்டும் உள்ளாட்சித் தலைவர்களிடம் அதிகாரம் கொடுத்தது. மானுக்கு அங்கேயும் அனுமதி இல்லை. அந்த ஆணை புளியரைக்கு இந்தப் பக்கம் செல்லாது. தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். அடிவார விவசாயிக்கு இதில் பெரிய ஆறுதல் இல்லை என்பது உண்மையே. மேக்கரைக்காரருக்குக் காடு வரப்பை ஒட்டியே இருக்கிறது. அவருக்கு நஷ்டஈடும் வேலியும்தான் வழி. சூரிய மின்வேலி போடுவதானால் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி வனத்துறை அனுமதி பெற்றே போட வேண்டும். வீட்டுக் கரண்டை நேராகக் கம்பியில் இழுப்பது பக்கத்து வயல்காரரின் உயிருக்கே உலை.

சேதம் கண்ட அன்றே, தடம் அழியுமுன் படம் எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுதிக் கொடுங்கள். எந்த விலங்கு, எத்தனை செடி, எத்தனை சென்ட் என்று குறிப்பிடுங்கள். பன்றி சுட வனத்துறையினர் உங்கள் ஊருக்கு வந்தால் வீடு, களம், மாட்டுக்கொட்டில் இருக்கும் திசைகளை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். குண்டு போகும் திசையில் மண்மேடு இருக்கும் இடமே நல்லது. ஏற்கெனவே காயம்பட்ட விலங்கை எங்காவது கண்டால் பின்தொடர வேண்டாம். இடத்தை அடையாளம் வைத்து உடனே சரக அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.